விட்டுப்போன ஃபைல்

"உன் மண்டைக்குள்ள இருக்கிறது மூளையா, களிமண்ணா?"

அப்பா போட்ட சத்தத்தில், பாஸ்போர்ட் சைஸ் படத்துக்காக ஸ்டுடியோ வாசலில் காத்திருந்தவர், அப்புறம் வருகிறேன் என்று நழுவிவிட்டார்.

புதுக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் சித்தி சுவரோடு சுவராக நின்றாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! போட்டோவை காப்பி பண்ணு, கூடவே அந்த கேட்டலாக் ஃபைலையும் காப்பி பண்ணுன்னு. எல்லாம் வந்துருச்சான்னு கேட்டப்ப தலையைத் தலையை ஆட்டினியே? அதை நம்பி நானும் பழைய டிஸ்க்கை அழிச்சுக் கடையில கொடுத்துட்டு வந்துட்டேன்!"

"மறந்துட்டேங்க" என்றாள் சித்தி.

"மறந்துட்டாளாம்! வேளா வேளைக்குச் சாப்பிட மட்டும் மறக்க மாட்டா."

பாப்பா உள்ளே வந்தது அப்போதுதான். பாப்பா என்பது கூப்பிடுகிற பேர்தான். படிப்பு முடிந்து, அடுத்த வாரம் வேலைக்கு வெளியூர் கிளம்புகிற பெண். தன் சின்ன வயதுப் படங்களைக் கையோடு எடுத்துப் போகலாம் என்று பென் டிரைவோடு வந்திருந்தாள்.

"என்னப்பா, போட்டோ எல்லாம் போச்சா?"

"போட்டோ இருக்கு. அதுல நான் பண்ண வேலைதான் போச்சு. வெளிச்சம் கூட்டினது, கலர் மாத்தினது, வேண்டாததை வெட்டினது, எல்லாம் அந்த ஒரு ஃபைல்லதான் இருந்துச்சு. அது இல்லேன்னா, கேமராவுல எடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே வந்து நிக்கும். இத்தனை வருஷ உழைப்பு, எல்லாம் தண்டம்!"

"என்னோட படமுமா?"

அப்பா சட்டென்று குரலை இறக்கினார். "அதுவும்தான். நீ இப்ப அதைத் திறக்காதே. நான் சரி பண்ணித் தர்றேன்."

பாப்பாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏன் சித்தி, நீங்க பெத்த புள்ளையோட படமா இருந்தா மறந்திருப்பீங்களா?"

அப்பாவுக்கு இரண்டாம் தாரமாக வந்த சித்திக்குப் பிள்ளை இல்லை. அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்துதான் பாப்பா சொன்னாள்.

"விடும்மா. பெத்தவளே உன்னைத் தொட்டதில்ல, இவளைச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்ற அப்பா, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். அழித்த டிஸ்க்கிலிருந்து எதையாவது மீட்க முடியுமா என்று கேட்க.

பெத்தவள் கதை பாப்பாவுக்கு மனப்பாடம். மூன்று வயதில் விட்டுவிட்டுப் போனவள். இருந்த நாளிலும் குழந்தையைத் தூக்கியதில்லை. அதற்குச் சாட்சி, ஆல்பம். அதில் இருந்ததெல்லாம் பாப்பாவின் முகம், முகம், முகம் மட்டும்தான், எல்லாமே க்ளோஸ்-அப். "ஒரு படத்துலயாவது உன்னைத் தூக்கி வெச்சிருக்காளா பாரு" என்பார் அப்பா. படம் பொய் சொல்லுமா என்ன?

அதனால்தான், போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, அவள் உன் முகத்தை ஒரு தடவை பார்க்கணும் என்கிறாள் என்று யாரோ கெஞ்சியபோது, "தூக்காத கைக்கு இப்ப என்ன திடீர்ப் பாசம்?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள் பாப்பா. சாவுக்கும் போகவில்லை. அப்பா அன்றைக்கு அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

அப்பாவின் வண்டி தெருமுனை தாண்டியதும் பாப்பா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். கலர் கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதானே? குடும்பப் படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தாள்.

முதல் படத்தில் அதே சிரிப்பு, அதே இரண்டு பல். ஆனால் ஆல்பத்தில் முகத்தோடு முடிந்துபோன குழந்தைக்கு இங்கே உடம்பு இருந்தது. உடம்பைச் சுற்றி இரண்டு கைகள் இருந்தன. மேலே, குழந்தையையே பார்த்துச் சிரிக்கிற ஒருத்தி. பாப்பா தினமும் கண்ணாடியில் பார்க்கிற மூக்கு அவளுக்கு.

அடுத்த படம். அம்மாவின் தோளில் குழந்தை. அடுத்தது, மடியில். அடுத்தது, அம்மாவின் நெஞ்சில் கவிழ்ந்து தூங்குகிறது. ஒரு படத்தில்கூடக் குழந்தை தரையில் இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அப்பா ஒரு முழு மனுஷியையே மறைத்திருந்தார், அதுவும் தன் கையாலேயே எடுத்த படங்களில்.

"கூப்பிட்டாங்களே சித்தி... ஒரே ஒரு தடவை பாக்கணும்னுதானே கேட்டாங்க... நான் போகலையே" என்று பாப்பா உடைந்து அழுதாள்.

சித்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தப் படங்களைப் பார்த்து அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பாப்பா அதைக் கவனித்தாள்.

"சித்தி, அந்த ஃபைலை நீங்க நிஜமாவே மறந்துட்டீங்களா?"

சித்தியால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"போன வருஷமே மறந்திருக்கணும்மா" என்றாள்.