ஒன்றே முக்கால் லட்சம்

"டைரக்டரா? டீ வாங்கியாரப் போயிகீறாரு," என்றார் எல்லப்பன், நாற்காலியை விட்டு எழாமலே.

"யாருக்குண்ணே டீ?"

"எனக்குத்தான்."

தங்கமாரிக்கு எடுத்த எடுப்பிலேயே குழப்பம். எல்லப்பன் அந்தக் கலை மையத்தின் நிரந்தர அலுவலக உதவியாளர். டீ வாங்கி வர வேண்டியவர் அவர்தானே?

"இன்னா மேட்டரு?"

"அவரு சம்பளத்தப் பத்தி அவருகிட்டயே கேக்கணும்."

எல்லப்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கேளும்மா, நல்லா கேளு. மூஞ்சி எப்டி போவுதுன்னு பாரு."

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை செய்பவள் தங்கமாரி. எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் அவளால் கைவிட முடியாது. இன்றும் செல்போனில் இருந்த இரண்டு படங்களையும் மறுபடி பார்த்துக்கொண்டாள். ஒன்று, மையத்தின் வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பு: நிதி இல்லாததால், அவள் படிக்கும் மாலை நாடக வகுப்பு இந்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறது. இன்னொன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அவள் கேட்டு வாங்கிய பதில்: அரசு நிதியில் நடக்கும் இந்த மையத்தின் இயக்குநர் பணியிடத்துக்கு மாதம் ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம்.

உள்ளே வருமுன்பே கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பச்சைப் பட்டையோடு சுருட்டிப் பைக்குள் திணித்திருந்தாள். பச்சை என்றால் ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்த ஆள் என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கம்பெனி சம்பளத்தை முழுசாக ஏஜென்சிக்குக் கொடுக்கும். ஏஜென்சி கிள்ளிக் கொடுப்பதுதான் கைக்கு வரும். பச்சையைப் பார்த்துவிட்டால் வாட்ச்மேன்கூட 'ஏய், நில்லு' என்பான்.

இயக்குநர் சாம்சன் டீ பார்சலோடு வந்தார். காகிதக் கோப்பையில் ஊற்றி எல்லப்பன் முன்னால் வைத்தார். அவர் சட்டைப் பை எதையோ திணித்ததுபோல் புடைத்திருந்தது. பணமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் தங்கமாரி.

"உள்ள வாம்மா, உக்காரு. என்ன விஷயம்?"

கேள்விகளை எண் போட்டுத் தாளில் எழுதி வந்திருந்தாள்.

"முதல் கேள்வி சார். உங்க சம்பளம் ஒண்ணே முக்கா லட்சம்னு பதில் வந்திருக்கு. நெசந்தானா?"

"தொகை சரிதான்."

மறுப்பார் என்று நம்பி எழுதிய இரண்டாவது கேள்வி வீணாகிவிட்டது. மூன்றாவதற்குத் தாவினாள்.

"எதுக்கு சார் அம்புட்டு?"

"தகுதியான ஆள் வரணும்னா, வெளியில என்ன தர்றாங்களோ அதைத் தரணும்னு கமிட்டியில முடிவு பண்ணாங்க."

"தகுதியான ஆளு வந்துட்டாவளா சார்?"

வெளியே எல்லப்பனுக்குப் புரையேறும் சத்தம் கேட்டது. சாம்சன் கோபப்படவில்லை.

"வந்திருக்கறது நான்தாம்மா," என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.

திட்டுகிறவரிடம் சண்டை போடலாம். இப்படிப் பேசுகிறவரிடம் என்ன செய்வது? வருகிற நாடகத்தில் அவளுக்கு நீதிபதி வேடம். அந்தக் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"எங்க வாத்தியாருக்கு மாசம் எட்டாயிரம். அது இல்லன்னு வகுப்ப மூடுதீங்க. உங்க சம்பளத்துல இருந்து அந்த எட்டாயிரத்த விட்டுக் குடுத்தா என்ன சார் கொறஞ்சு போவீங்க?"

"எட்டாயிரமா?" சாம்சனின் முகம் வெளுத்தது. "பாதி போயிடுமேம்மா!"

தங்கமாரி திகைத்தாள். ஒன்றே முக்கால் லட்சத்தில் எட்டாயிரம் எப்படிப் பாதியாகும்? தப்பு தன் பக்கம்தானோ என்று மனசுக்குள் மறுபடி கணக்குப் போட்டாள். இல்லை, சரியாகத்தான் இருந்தது. இவருக்கென்ன, கணக்கே தெரியாதா? இல்லை, கேலி செய்கிறாரா?

"வெளையாடாதீங்க சார். லைன்ல பேசுனா சூப்பர்வைசர் ஏசுதாரு. ஹாஸ்டல்ல பேசுனா நைட் ஷிப்டு முடிச்சுத் தூங்குத பிள்ளைங்க ஏசுது. இந்த வகுப்புல ஒரு மணி நேரந்தான் நாங்க வாயத் தொறந்து சத்தமாப் பேசுதோம். நான் வாங்குத சம்பளமே பதினேழாயிரம். என்கிட்ட இருந்தா நானே குடுத்துருவேன். உங்களுக்கு மனசு வரலயே!"

நீதிபதிக் குரல் பாதியில் உடைந்தது. கையிலிருந்த தாளை மேசைமேல் போட்டாள். அது வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது.

சாம்சன் அதை எடுக்கக் குனிந்தார். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சுருணை நழுவி விழுந்து விரிந்தது.

பச்சைப் பட்டை. அதன் நுனியில் அடையாள அட்டை. அட்டையில், அவள் அட்டையில் இருக்கும் அதே ஏஜென்சியின் முத்திரை.

தங்கமாரியின் கை தானாகத் தன் பையைத் தொட்டுப் பார்த்தது.

சாம்சன் எழுந்து, அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தார்.

"பதினேழா தர்றாங்க உனக்கு? எனக்குப் பதினாறுதாம்மா," என்றார் தணிந்த குரலில். "உங்க லைன்ல ஆள் எடுக்கறாங்களா? எனக்கு வயசு நாப்பத்தேழு."