சூடு ஆறும்வரை

சுனாமி அடித்து மூன்றாம் மாதம், மட்டக்களப்பு ஆரையம்பதியில் அகதிக் கூடாரங்களுக்கு நடுவே கட்டிலும் ஏசியும் வைத்த நிவாரண பஸ் ஒன்று நிற்கிறது. அதன் பக்கவாட்டுப் பெட்டிக்குள் ஜெனரேட்டர் காலையிலிருந்து கத்துகிறது. பெற்றோல் முடியப் போகிறது. பெற்றோல் கானோடு பக்கத்தில் குந்தியிருக்கும் டிரைவர் பேர்டியைப் பார்த்து, பஸ்ஸுக்குள் இருக்கும் நிவாரண அதிகாரி ஜன்னல் கண்ணாடியை இறக்கிச் சத்தம் போடுகிறார். "நிப்பாட்டாம ஊத்து! உள்ளுக்க வேகுது!" பேர்டி கானின் மூடியைத் திறக்கவில்லை. "கொதிக்கிற மெசின்ல பெற்றோல் பட்டா இந்தச் சனமெல்லாம் வேகும் சேர். ஆறட்டும்." சுவிச்சை அறைந்து அணைக்கிறான். இவ்வளவு நேரமும் அந்த இரைச்சல் மூடி வைத்திருந்த கடல் இப்போது கேட்கிறது. கூடாரங்களில் சோறு பிசைந்த கைகள் அப்படியே நிற்கின்றன. பிள்ளைகள் இரண்டையும் அலை கொண்டுபோனபின் யாரோடும் பேசாத நேசம் என்ற பெண், கூடாரத்திலிருந்து பாய்ந்து வந்து பேர்டியின் சட்டையைப் பிடித்து உலுக்குகிறாள். "போடுடா! அது கேக்குது, மோட்டரப் போடு!" பேர்டி இயந்திரத்தைத் தொடுகிறான், விரல் சுடுகிறது. பெற்றோல் கானைத் தூர வைத்துவிட்டு, தகர வாளியைக் கவிழ்த்து ஸ்பானரால் அடிக்கத் தொடங்குகிறான். நேசம் ஸ்பானரைப் பறிக்கிறாள். கடல் பக்கம் திரும்பி, அவனைவிட ஓங்கி அடிக்கிறாள்.