ஆறு பேரில் ஒருவர்

எழுந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “இல்லை” என்றேன்.

அர்னி நீமி தன் வீட்டுப் படிக்கட்டைக் கவனிக்காமல் விட்டது குற்றமா என்பது நீதிபதியின் கேள்வி. ஜூரிகள் ஆறு பேர். தலைவர் நான்.

ஒரே ஒரு சொல்தான் என்றாலும், கழிப்பறைக் கண்ணாடி முன் நான்கு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். முப்பது வருடம் போஸ்ட்மாஸ்டர். சர்ச் குழுவுக்குத் தலைவர். ஏரிக்கரைச் சங்கத்துக்கும் தலைவர். ஜூரிகளுக்குத் தலைவராக என்னைத் தேர்ந்தெடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நானே முன்மொழிந்துவிட்டேன்.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டவள் டொரீன். அர்னியின் கூடப்பிறந்த அக்கா.

தம்பியின் பிறந்தநாளுக்குச் சுடச்சுட ஒரு சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுப் பின்வாசல் படியில் ஏறியிருக்கிறாள். இற்றுப்போன பலகை முறிந்தது. இடுப்பெலும்பும் முறிந்தது. இரண்டு ஆபரேஷன் ஆகியும் சரியாகவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் பார்த்த வேலை போயிற்று. இன்னொரு ஆபரேஷன் செய்தால் தடியில்லாமல் நடப்பாள் என்றார் டாக்டர். அதற்கான பணத்துக்கு இந்த வழக்கை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை.

டாக்டர் சொன்னது எங்கள் காதில் ஏறவில்லை. சொந்தத் தம்பியைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் என்பது மட்டும் ஏறியது.

அர்னி கூண்டில் நின்று அழுதான். அந்தப் பலகை கெட்டுப்போனது இரண்டு வருடமாகத் தெரியும், இந்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன் என்று அவனே சொன்னான். என்ன ஒரு நேர்மை என்று உருகினோம். ரோட்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவனுக்கு மினியாபொலிஸிலிருந்து பளபள சூட்டில் ஒரு வக்கீல் எப்படி வாய்த்தார் என்று யோசிக்கவில்லை. புண்ணியத்துக்கு வாதாடுகிறார் போலிருக்கிறது என்று அவரையும் சேர்த்து மெச்சினோம்.

ஜூரி அறையில் ரத்த பந்தம் பற்றி இருபது நிமிடம் பேசினேன். என் தம்பியும் நானும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது, படகுத்துறைத் தகராறு. அதைச் சொல்ல அங்கே நேரமில்லை.

நான் “இல்லை” என்றதும் டொரீன் தலையைக் குனிந்துகொண்டாள். அர்னி முகத்தில் சந்தோஷம் இல்லை. பெரிய மனசு என்று நினைத்தேன்.

வெளியே வந்தபோது அர்னி தன் பிக்கப் வண்டியைக் கோர்ட் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அக்காவை அணைத்துத் தூக்கி உட்காரவைத்தான். அவள் காலை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே வைத்தான். பெல்ட்டையும் அவனே மாட்டினான்.

பெரிய மனசுக்கும் ஓர் அளவு உண்டே என்று தோன்றியது. இருந்தாலும் எனக்கு வரவேண்டிய நன்றியை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் போனேன்.

“கவலைப்படாத அர்னி, உன் கையிலேருந்து ஒரு சல்லி போகாது.”

அவன் என் பக்கம் திரும்பினான்.

“என் கையிலேருந்து யாரு கேட்டா? குடுக்க வேண்டியது வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனி. அவங்க மேல நேரா கேஸ் போட முடியாதாம், என் பேர்லதான் போடணுமாம். போடு அக்கான்னு சொன்னதே நான்தான். அந்த வக்கீலும் அவங்க ஆளு. கோர்ட்ல இன்சூரன்ஸ்ங்கிற வார்த்தைய மட்டும் யாரும் எடுக்கக் கூடாதுன்னுட்டாரு ஜட்ஜ்.”

டொரீன் உள்ளிருந்து, விடு அர்னி, அவருக்கு என்ன தெரியும் என்றாள்.

அவன் விடவில்லை.

“ஆறு பேர் இருந்தீங்களே. ஒருத்தர்கூடவா எங்கக்காவுக்காக வாயத் தெறக்கல?”

அப்போதே நான் என் காரைப் பார்த்து நடந்திருக்க வேண்டும்.

“நான் தெறந்தேன்” என்றேன். “இன்சூரன்ஸ் இருக்குமேன்னு கேட்டேன். மத்தவங்க காதுல வாங்கிக்கல.”

அர்னியின் தோள் தளர்ந்தது. டொரீன் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. ஒருத்தராவது என்னைக் கெட்டவளாக நினைக்கவில்லையே என்று தம்பியிடம் சொன்னாள்.

ஜூரி அறையில் அதைக் கேட்டது மார்லிஸ். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். ரத்த பந்தத்தின் பதினைந்தாவது நிமிடத்தில் கையைத் தூக்கி, வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்குமே, அதுக்காகத்தான் இப்படிக் கேஸ் போட்டிருப்பாங்களோ என்று மெதுவாகக் கேட்டாள். மற்ற நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சாட்சியத்தில் வராத விஷயத்தைப் பேசக் கூடாது, இதையெல்லாம் கவனிக்கத்தான் தலைவர் என்று ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி, டோனட் பெட்டியை அவள் பக்கம் தள்ளினேன். ஒன்றை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

டொரீன் இன்னும் என் கையை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேர் சொல்லி ஜெபம் பண்ணணும், உங்க பேர் என்ன என்று கேட்டாள். அர்னி அவசரமாகச் சட்டைப் பையில் பேனா தேடினான்.

“கிளேட்டன் ருடால்ஃப் ஓஸ்ட்பி” என்றேன்.

ஓஸ்ட்பி எப்படி எழுதுவது என்று கேட்டாள். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.