மகள் எடுத்த படங்கள்

சுனாமி கதிரவெளியில் கண்ணகையின் மகள் தயாளினியைக் கொண்டுபோனபோது வீட்டிலிருந்த படங்களும் போயின. மகளின் முகம் எந்தக் காகிதத்திலும் மிஞ்சவில்லை. இருபது வருடம் கழித்து, வந்தாறுமூலையில் தம்பி வீட்டு அலுமாரியில் மகள் மறந்துவிட்டுப் போன கமெரா கிடைத்தது. உள்ளே பிலிம் இருந்தது.

மட்டக்களப்பில் ஸ்டூடியோ வைத்திருக்கும் முனாப் அதைக் கழுவுவதற்குக் கொழும்புக்குத் தபாலில் அனுப்பினார். படங்கள் வந்த சேதி கேட்டதும் கண்ணகை பஸ் ஏறி வந்து கடைக் கதிரையில் உட்கார்ந்தாள்.

“எண்ட புள்ள இரிக்காளா தம்பி?”

“இல்லக்கா. எல்லாம் அவ எடுத்த படம் போல. நீங்கதான் இரிக்கீங்க.”

படங்களைக் கொடுத்துவிட்டு முனாப் உள்ளே போனார். கண்ணகை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மீன் வெட்டுகிறாள். தலை சீவுகிறாள். எடுக்காதே என்று சிரித்தபடி கையால் மறைக்கிறாள். எல்லாவற்றிலும் இளமையாக இருந்தாள்.

கடைசிப் படத்தில் அவளுடைய தலை நரைத்திருந்தது. இன்று கட்டிவந்த நீலச் சேலையோடு, இதே கதிரையில், மடியில் படங்களை வைத்துக் குனிந்திருந்தாள். மிகக் கிட்ட நின்று எடுத்த படம்.

கண்ணகை நிமிர்ந்தாள். எதிரே ஒருவரும் இல்லை.

“கமெராவ இறக்கு புள்ள,” என்றாள். “ஒருக்கா உண்ட முகத்தப் பாக்கணும்.”