சாமைப் பையில் கப்பல் காசு

“கப்பல்ல ரொக்கம் செல்லாதாம்! இன்னாக்கா இது அநியாயமா கீது?”

போனைப் பார்த்துப் பூஜா கத்திய கத்தலில் சங்கத்துக் கொட்டகையே கூடிவிட்டது.

கூடியது என்றால் நாலே பேர்தான். நெல்லிவாசல்நாட்டு மகளிர் சங்கம் போட்ட சாமை முறுக்குக்குச் சென்னைக் கண்காட்சியில் முதல் பரிசு. கோப்பை இல்லை, குக்கர் இல்லை; கப்பல் பயணம்! சென்னையில் ஏற்றி, கடலைக் காட்டி, நடுவில் ஏதோ ஒரு ஊரில் இறக்கிச் சுற்றவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்களாம். டிக்கெட், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கைச்செலவுக் காசு மட்டும் அவரவர் பாடு.

கடலையே பார்த்திராத நால்வருக்கும் ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

“அப்போ நான் உள்பாவாடையில ஜோபி வச்சித் தைச்சது தண்டமா?” ரேணுகாதேவி இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

“போன்லயே காசு வச்சிக்கினா?” என்றாள் பூஜா.

“நடுக்கடல்ல டவர் கிடைக்காதுடி.”

“நம்ம மலையில மட்டும் கிடைக்குதா இன்னா?”

எல்லாரும் சிரித்தார்கள். தேவயானி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். அவள் கையில்தான் காசே இல்லையே.

சேர்த்துத்தான் வைத்திருந்தாள். போன மாதம் புருஷன் புளி உலுக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். கப்பல் காசு அவன் கால் கட்டுக்குப் போய்விட்டது. சொன்னால் ஆளுக்கொரு நோட்டை நீட்டிப் பாவமாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குக் கப்பலே வேண்டாம். அதனால் எல்லாரிடமும், “என் காசு பத்திரமா கீது” என்று சொல்லி வைத்திருந்தாள். அவரவர் காசு அவரவர் மடியில் இருந்தால் தப்பித்துவிடலாம். ‘எனக்கு எதுவும் புடிக்கலை’ என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டே வரலாம். கடலைப் பார்க்கக் காசு கேட்க மாட்டார்களே!

பூஜா போனில் வந்திருந்ததை மேற்கொண்டு படித்தாள். கப்பலில் ஏறியதும் காசைக் கட்டினால் ஒரு அட்டை தருவார்கள். எது வாங்கினாலும் அதில் கழித்துக்கொள்வார்கள்.

“எதுக்கு ஆளுக்கொரு அட்டை?” என்றாள் சங்கத் தலைவி செல்லி. முறுக்குக்கு உப்பிலிருந்து ஜீப்பில் யார் எங்கே உட்காருவது வரை அவள் வைத்ததுதான் சட்டம். “எல்லாக் காசையும் ஒரே பையில போடுங்க. நான் எத்துக்கினு வர்றேன். ஒரே அட்டை வாங்கிக்கலாம்.”

தேவயானி தன் வெறும் முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

“யாரு எவ்ளோ போட்டாங்கன்னு எழுதணுமேக்கா?” ரேணுகாதேவி விடவில்லை.

“எழுதறதெல்லாம் கெடையாது. ஒண்ணா சுத்தப் போறோம், ஒண்ணா வாங்கப் போறோம்.”

“அப்போ நெறைய போட்டவ ஏமாளியா?”

“ஆமா. ஏமாளியா இருக்க இஷ்டம் இல்லாதவ இங்கியே நின்னுக்கோ.”

ரேணுகாதேவி தேவயானியின் காதோரம் வந்தாள். “பாத்தியா? அது கையில காசு இருக்காது. நம்ம காசுல ராணி மாதிரி சுத்தப் பாக்குது.”

“அதுக்கு எப்பவுமே அடுத்தவங்க காசுன்னா இளப்பம்தான்” என்றாள் தேவயானி ஆத்திரமாக. கப்பல் கனவில் மண்ணைப் போட்டவளைத் திட்டியதில் மனசுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

வெளியே ஜீப் ஹார்ன் அலறியது. டிரைவர் வீரன் தலையை நீட்டினான். “கீழ பஸ்ஸ வுட்டா கப்பலும் பூடும். அப்புறம் என்னைச் சொல்லாதீங்க!”

சாமை அடைத்து விற்கும் சின்னத் துணிப்பை ஒன்றை எடுத்து வந்தாள் செல்லி. “மாரியம்மாவுக்குக் கூழு ஊத்தறப்போ ஊர்க்காசு எப்டிப் போடுவோம்? மூடின கைய பானைக்குள்ள வுட்டுத்தானே? அப்டியே போடுங்க. எவளாச்சும் எட்டிப் பாத்தீங்க, கை மேலயே ஒண்ணு வைப்பேன்.”

பூஜா போட்டாள். ரேணுகாதேவி முணுமுணுத்துக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பி, ஜோபியைத் துழாவிப் போட்டாள். செல்லியும் தன் பங்கைப் போட்டுவிட்டு தேவயானி முன்னால் வந்து நின்றாள்.

“நான் வழியில போடறேங்க்கா. முந்தானை முடிச்சு இறுகிப் போச்சு.”

“அவுக்க எவ்ளோ நேரமாவும்? உனுக்காகக் கப்பல் நிக்குமா? கைய வுடுடி.”

ரேணுகாதேவி பார்த்துக்கொண்டிருந்தாள். பூஜாவும் பார்த்தாள். தேவயானி சுவர்ப்பக்கம் திரும்பி, முடிச்சை அவிழ்ப்பதுபோல் அவிழ்த்து, வெறும் கையை இறுக மூடிப் பைக்குள் விட்டு விரித்தாள். திருடியதுபோல் உடம்பெல்லாம் கூசியது.

சாமைப் பை மெல்லிய துணி. அடியில் ஏந்தியிருந்த செல்லியின் உள்ளங்கையில் அந்த வெறும் விரல்கள் அப்படியே பட்டன.

செல்லி அவள் முகத்தைப் பார்த்தாள்.

துணியோடு சேர்த்து அந்த விரல்களை ஒரு தரம் அழுத்திப் பிடித்துவிட்டு, செல்லி கையை விட்டாள். பையின் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். வெளியே ஜீப்பில் இருந்த வீரனுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

“அடேங்கப்பா! தேவயானி போட்டப்புறம்தான்டி பையே கனக்குது!”