ஓமத் தண்ணீர்

காலை ஆறரைக்கு இளஞ்செழியன் பால் காய்ச்சினான். வேங்கிக்கால் வீட்டுச் சமையலறை ஜன்னலில் மலை தெரிந்தது. மனைவி மணிமொழி இறந்து நாற்பத்தொரு நாள். இறந்த அன்று அவளுக்கு நெஞ்சு அடைத்தபோது, வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்திருந்தான்.

இப்போது அவனுடைய இடது தோளிலிருந்து கைக்கு வலி இறங்கியது. சட்டை வியர்வையில் நனைந்தது. வாயுதான் என்று ஓம டப்பாவைத் திறந்தான்.

வாசலில் 108 வண்டி வந்து நின்றது. ஊழியர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தார்.

“நான் கூப்பிடலீங்களே. வெறும் வாயுங்க.”

“உங்க வூட்டுக்காரம்மாதான் சார் போன் பண்ணாங்க. வாயுன்னுதான் சொல்லுவாரு, வுட்டுட்டுப் போயிடாதீங்கன்னாங்க.”

டப்பா கைநழுவி விழுந்தது. அவன் வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கப் பயந்தான். அன்று அவள் கடைசியாகச் சொன்னது காதில் கேட்டது.

“இது வாயு இல்லீங்க. பயமா இருக்கு, வண்டிய கூப்பிடுங்க.”