சத்தியத் தட்டு

சாட்சி சொல்லுமுன் சத்தியத் தட்டில் உள்ளங்கையை வைத்து, கடவுள் நம்பிக்கை உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். சொன்னது நெஞ்சில் இருந்தால் தட்டில் பச்சை விளக்கு எரியும், இல்லையென்றால் சிவப்பு. மூன்று முறை சிவப்பு எரிந்தால் சாட்சியே கிடையாது.

செண்பகவல்லி தட்டில் கையை வைத்தாள். ஆலைக்குத் தீ வைத்ததாகத் தம்பி பேச்சிமுத்து மேல் வழக்கு. அன்று அவன் அவள் வீட்டில்தான் காய்ச்சலோடு கிடந்தான். அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கூண்டிலிருந்து அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சாமி இருக்குய்யா” என்றாள். சிவப்பு.

“இல்லைய்யா.” அதற்கும் சிவப்பு.

“இன்னும் ஒரு தடவைதாம்மா. யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் நீதிபதி.

மகள் செத்த பிறகும் அவள் தினமும் விளக்கேற்றினாள். அதைப் பார்க்க மேலே யாராவது இருக்கிறார்களா என்று தெரியாது. ஏற்றாமல் விடத்தான் துணிச்சல் வரவில்லை. இதை என்னவென்று சொல்வது?

“இருக்கா இல்லையான்னு தெரியலைய்யா. எனக்குள்ள இருக்கது பயம் மட்டுந்தான்.”

பச்சை எரிந்தது. பேச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அன்னைக்கு எந்தம்பி...” என்று அவள் தொடங்கினாள்.

நீதிபதி கையை உயர்த்தினார்.

“பயத்துல சொல்ற சாட்சி செல்லாதும்மா. இறங்குங்க.”